சீட்டைக் கணித்த பேராசிரியர்

சூது நம் சான்றோரால் விலக்கப்பட்டது. திருவள்ளுவனார் பொருட்பாலிலே 94-ஆம் அதிகாரத்தை அதற்கெனவே வகுத்து, அது பொருளையும் மானத்தையும் ஒருங்கே அழிப்பது என்று காட்டினார். பாண்டவர் நாடிழந்ததும் சூதினால். நளன் நாடிழந்ததும் சூதினால். இவற்றை மாணாக்கர்க்கு எடுத்துரைத்தே முப்பது ஆண்டுக்கு அண்மையாகக் காலங்கழித்த ஒரு தமிழாசிரியன் சீட்டாட்டத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாயிருத்தல் கூடும்.

ஆயினும், நளன் கதையிலே பலர் விரைந்து கடந்துபோகும் ஓரிடம் உண்டு. புட்கரனோடு சூதாடி எல்லாம் இழந்த நளன், உருமாறி, வாகுகன் என்னும் பெயரோடு அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேர்ப்பாகனாயினான். விதர்ப்ப நாட்டுக்குத் தேர் விரைந்து செல்லும் வழியில் ஒரு தான்றிமரம் நின்றது. அதன் காய்களின் தொகையை இருதுபன்னன் பார்த்த அளவிலே சொன்னான். நளன் எண்ணிப் பார்த்தான், கணக்குச் சரியாயிருந்தது. இருவரும் வித்தையை மாற்றிக்கொண்டனர். நளன் குதிரை வித்தையைக் கொடுத்தான். இருதுபன்னன் எண்ணின் வித்தையையும் கவற்றின் வித்தையையும் சேர்த்துக் கொடுத்தான். அவ்வளவிலே நளனைப் பற்றியிருந்த கலி நீங்கியது. பண்டைக்காலத்திலே தான்றிக்காயே கவறாகவும் உருட்டப்பட்டது. எனவே, கதை செய்தோர் அந்த மரத்தை வறிதே தேர்ந்தவரல்லர்.

பாடஞ் சொல்லும்போது இவ்விடத்தில் யான் சற்றே நிற்பதுண்டு. ஆட்டத்தின்மேல் வைக்கும் ஆசை வேறு. ஆட்டத்தினுள்ளே கிடக்கும் எண்ணறிவு வேறு. முன்னது நளனைக் காட்டுக்கு அனுப்பியது. பின்னது அவனை நாட்டுக்கு மீட்டது. அந்த எண்ணறிவை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த பெரியார் ஒருவர் அண்மைக் காலத்திலே பிரான்சு தேசத்தில் வாழ்ந்தார். அவர் பெயர் எமில் போரெல். கணிதம் கற்றோர் அவர் பெயரை நன்கறிவர். அவர் வாழ்வை இலக்கியம் கற்றோரும் அறிதல் நன்று என்பது என் துணிபு.

போரெல் 1871-ஆம் ஆண்டு சனவரி 7-ஆம் நாள், தென் பிரான்சின் அவேரோன் மாவட்டத்திலுள்ள சேன் தப்ரிக் என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் புரொட்டஸ்தாந்து சபையின் போதகர். இளமையிலேயே பிள்ளையின் மதிநுட்பம் புலப்பட்டது. 1889-இல் பாரிஸ் நகரத்தின் உயர்கல்விக் கழகங்கள் இரண்டின் நுழைவுச் சோதனைகளையும் எழுதினார். இரண்டிலும் முதலிடம் அவருக்கே. ஒன்று பொறியியலுக்கும் பெரும்பதவிக்கும் வழிகாட்டுவது. மற்றையது ஆசிரியரை உருவாக்குவது. போரெல் ஆசிரியக் கல்லூரியையே தேர்ந்தார். ஆசிரியத் தொழிலைச் செய்வார் எவர்க்கும் இச்செய்தி உவப்பானது.

இருபத்திரண்டாம் வயதில் லீல் நகரப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். நான்கு ஆண்டின்பின் தாம் பயின்ற கல்லூரிக்கே ஆசிரியராக மீண்டார். 1901-இல் கணித அறிஞர் போல் அப்பெல் என்பவரின் மகள் மார்கரீத்தை மணந்தார். அம்மையார் கமீல் மார்போ என்னும் புனைபெயரில் நாவல் எழுதியவர். 1913-இல் பெமினா பரிசு பெற்றவர். கணவனும் மனைவியுமாக 1906-இல் ஒரு மாத இதழைத் தொடங்கினர். அறிவியலாரும் இலக்கியத்தாரும் ஒரே இதழில் எழுத அது இடந்தந்தது.

1911-இலே அவர்கள் இல்லத்துக்கு ஒரு சோதனை வந்தது. மேரி கியூரி அம்மையாரின் சொந்த வாழ்வைப் பற்றிப் பாரிஸ் பத்திரிகைகள் தூற்றி எழுதின. அவர் வீட்டின்முன் கூட்டம் கூடியது. போரெல் தம்பதிகள் அம்மையாரையும் மக்கள் இருவரையும், கல்லூரி வளவுக்குள் தமக்குத் தரப்பட்டிருந்த இல்லத்துக்கே அழைத்துவந்து வைத்துக்கொண்டனர். அரசாங்க இல்லத்தை இதற்குப் பயன்படுத்தலாகாது, பதவி போகும் என்னும் எச்சரிக்கை மேலிடத்திலிருந்து வந்தது. மாமனாரும் சினந்தார். போரெல் அசைந்தாரில்லை. முடிவு எப்படியாகும் என்று அப்பொழுது எவர்க்கும் தெரியாது. அந்த ஆண்டின் முடிவிலேயே கியூரி அம்மையார் இரண்டாம் முறையாக நோபல் பரிசு பெற்றார் என்பது பின்னர் நிகழ்ந்தது. அது நிகழாவிடினும் போரெல் செய்தது சரியே. இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னே இதற்கு வேலையுண்டு.

நிகழ்தகவு என்று இன்று நாம் வழங்கும் கணிதத்துறை சூதாட்டத்தின் மடியிலே பிறந்தது. 1654-இல் பாஸ்கல், பெர்மா என்னும் இரு பிரெஞ்சு அறிஞர், இடையிலே நின்றுபோன ஆட்டமொன்றின் பந்தயப் பொருளை எவ்வாறு பங்கிடுவது என்று கடிதம் எழுதி ஆராய்ந்தனர். அவர்கள் இட்ட வித்தைப் பெருமரமாக்கியவர்களுள் போரெல் ஒருவர். 1909-இல் அவர் எழுதிய கட்டுரை இத்துறைக்குப் புதிய அடித்தளமாயிற்று. 1913-இல் அவர் சொன்ன உவமையொன்று உலகெங்கும் பரவியது. குரங்குக் கூட்டமொன்று தட்டச்சுப் பொறிகளின்முன் இருந்து கண்டபடி தட்டிக்கொண்டிருந்தால், பெரிய நூல்நிலையங்களின் நூல்களெல்லாம் எழுத்துப் பிசகாமல் வந்துவிடுமா? கணக்கின்படி அது முற்றும் இயலாததன்று. ஆனால் அதன் வாய்ப்பு மிகமிகச் சிறியதாகையால் உலகில் ஒருபோதும் நிகழாது என்றே கொள்ளல்வேண்டும். இதுவே அவர் கருத்து.

முதல் உலகப்போர் அவரை வாட்டியது. தம் பிள்ளையாகக் கொண்டு வளர்த்த மருமகனைப் போரிலே இழந்தார். மாணாக்கர் பலரையும் இழந்தார். தாமும் படையிற் சேர்ந்து, பகைவரின் பீரங்கி நிற்குமிடத்தை அதன் ஒலியைக்கொண்டு அறியும் பணியில் உழைத்தார். போர் முடிந்தபின் பழைய கல்லூரியில் இருக்க மனங்கொள்ளாமல் 1920-இல் அதனை விட்டு, சோர்போன் பல்கலைக்கழகத்தில் நிகழ்தகவுப் பேராசிரியரானார். 1921 தொடங்கி, எதிராளியின் எண்ணத்தை அறியாதவிடத்து எவ்வாறு ஆடுவது என்பதைப் பற்றிச் சிறு கட்டுரைகள் எழுதினார். இன்று ஆட்டக் கோட்பாடு எனப்படும் பெருந்துறையின் முதற்சுவடுகளுள் அவை வைத்தெண்ணப்படுகின்றன. 1924-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1925-இல், தம்மைப் போலவே கணிதராகிய பான்லெவே தலைமை அமைச்சராயிருந்தபோது கடற்படை அமைச்சரானார். 1928-இல் பாரிசில் ஆன்றி புவன்காரே ஆய்வு நிலையத்தை நிறுவியவரும் அவரே.

இத்துணைப் பெரியவர் 1940-இல் ஒரு சீட்டாட்ட நூலை வெளியிட்டார். பிரான்சின் சதுரங்க வாகையராயிருந்த அந்திரே செரோன் என்பவரோடு சேர்ந்து எழுதிய நூல் அது. பிரிட்ஜ் ஆட்டத்தின் கணிதம் அதன் பொருள். சீட்டுக் கலைத்தலில் நேரும் குறைபாடுகள் முதலாக, ஓரினச் சீட்டுகள் எதிரிகளின் கைகளில் எவ்வாறு பிரிந்து கிடக்கும் என்பது வரை, நூற்றுக்கு மேற்பட்ட அட்டவணைகளோடு அது ஆராய்ந்தது.

பிரிட்ஜ் ஆட்டத்தை அறியாதவர்க்கு நம்மூர் ஆட்டத்தைக்கொண்டே அதனை விளக்கலாம். யாழ்ப்பாணத்தார்க்குச் சீட்டென்றால் முந்நூற்றுநான்கு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓரினத்துக்கு 76, நான்கு இனத்துக்கு 304. ஆட்டத்தின் பெயரே ஒரு கூட்டல் கணக்கு! நால்வர் இருவர் இருவராய்க் கூட்டுச் சேர்வதும், கேள்வி கேட்பதும், துரும்பு வைப்பதும், பிடி பிடிப்பதும் பிரிட்ஜிலும் உண்டு. ஆனால் அங்கே 52 சீட்டும் ஆட்டத்துக்கு வரும், ஒருவர்க்குப் பதின்மூன்று. ஏஸ், ராசா, ராணி, ஜாக்கி, பத்து என்பதே மதிப்பு வரிசை. கேள்வியில் வென்றவரின் கூட்டாளி தம் சீட்டுகளை மேசைமேல் விரித்து வைத்துவிட்டுப் பேசாதிருப்பார். வென்றவரே இரண்டு கையையும் ஆடுவார். ஆகவே அவருக்கு 26 சீட்டுத் தெரியும். மற்றை 26-உம் எதிரிகள் இருவர் கையில் மறைந்து கிடக்கும்.

இனி ஒரு சிக்கலைக் காண்போம். ஓர் இனத்திலே உம்மிடம் ஏஸ், ராசா, ஜாக்கி, பத்து, ஒரு சிறுசீட்டு ஆக ஐந்து. மேசையிலே சிறுசீட்டு நான்கு. எஞ்சியவை ராணியும் மூன்று சிறுசீட்டும். ராணி எதிரிக்குப் பிடியாகாமல் அந்த இனம் முழுவதையும் நீர் பிடிக்கவேண்டும். ராணி யாரிடம்?

நான்கு சீட்டும் இரண்டும் இரண்டுமாகப் பிரிவதே இயல்பு என்று நினைப்போம். அட்டவணை அவ்வாறு சொல்லவில்லை. மூன்றும் ஒன்றுமாகப் பிரிவது நூற்றுக்கு 49.7, இரண்டும் இரண்டுமாவது 40.7, நான்கும் ஒருவரிடமே கிடப்பது 9.6. அப்படியானால் மூன்றும் ஒன்றும் என்று கொண்டு ஆடுவதா? அவசரப்படலாகாது. முதலில் ஏஸை வைக்கிறீர். எதிரிகள் இருவரும் சிறுசீட்டுப் போடுகின்றனர். அடுத்து மேசையிலிருந்து ஒரு சிறுசீட்டை இறக்குகிறீர். உம் வலப்பக்கத்தார் மூன்றாவது சிறுசீட்டையும் போட்டுவிடுகிறார். இப்பொழுது மறைந்திருப்பது ராணி ஒன்றே. வலப்பக்கத்தாரிடம் ராணி இருந்தால் ஜாக்கியை வைத்துத் தப்பலாம். இடப்பக்கத்தாரிடம் இருந்தால் ராசாவை வைக்கவேண்டும். ராணி அதன்கீழ் வந்து விழும். எதனை வைப்பது?

இங்கே கணிதம் மிக எளிதாகிவிடுகிறது. வலப்பக்கத்தார் இந்த இனத்தில் இரண்டு சீட்டுக் காட்டிவிட்டார். அவர் கையில் நாமறியாத இடம் 11. இடப்பக்கத்தார் ஒன்றே காட்டினார். அவர் கையில் நாமறியாத இடம் 12. ஆக 23 இடம். அவற்றுள் ஒன்றில் ராணி. வேறு செய்தி ஒன்றும் தெரியாதவிடத்து, அவள் இடப்பக்கத்தில் இருப்பதற்குப் பன்னிரண்டு வாய்ப்பு. வலப்பக்கத்தில் இருப்பதற்குப் பதினொன்று. ராசாவை வைப்பதே தக்கது.

அட்டவணையும் இதற்கு முரணாகாது. மூன்றும் ஒன்றுமாகப் பிரிதற்கு எட்டு வகை. இரண்டும் இரண்டுமாவதற்கு ஆறு வகை. ஒவ்வொரு வகையாகப் பங்கிட்டால் முன்னதற்கு ஏறத்தாழ 6.22, பின்னதற்கு 6.78. வலப்பக்கத்தார் இரண்டாஞ் சீட்டைப் போட்டவுடன் வகைகளெல்லாம் உதிர்ந்துபோய் ஒவ்வொன்றிலும் ஒரு வகையே எஞ்சுகிறது. அவற்றின் விகிதமும் பன்னிரண்டுக்குப் பதினொன்றேயாம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மற்றோரினத்தின் சீட்டுகள் முன்னமே வெளிப்பட்டு, அதிலே இடப்பக்கத்தார் ஏழும் வலப்பக்கத்தார் மூன்றும் வைத்திருந்தார் என்று தெரிந்தால் என்னாகும்? இடப்பக்கத்தில் எஞ்சும் இடம் ஐந்து, வலப்பக்கத்தில் எட்டு. இப்பொழுது ஜாக்கியே தக்கது. சீட்டு இடம் மாறவில்லை. ராணி இருந்தவிடத்திலேயே இருக்கிறாள். மாறியது நம் அறிவு. நிகழ்தகவென்பது ஒருவன் அறிந்த அளவைப் பொறுத்தது. இருவர் அறிவு வேறாயின் அவர்க்கு அது வேறாதலும் கூடும். 1924-இல், ஆங்கிலப் பொருளியலறிஞர் கெயின்சு எழுதிய நூலை ஆராய்ந்தபோது போரெல் இக்கருத்தை வற்புறுத்தினார்.

பன்னிரண்டு, பதினொன்று: நூறு முறைக்கு ஏறத்தாழ 52-உம் 48-உம். இந்தச் சிறு வேறுபாட்டிலேதான் பொருள் இருக்கிறது. ராசாவை வைத்தவர் சரியாகவே ஆடினார். ஆயினும் நூற்றுக்கு 48 முறை அவர் தோற்பார். ஜாக்கியை வைத்தவர் தவறாக ஆடினார். ஆயினும் 48 முறை அவர் வெல்வார். வென்றுவிட்டுத் தம் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொண்டும் திரிவார்.

யான் சீட்டாடுவதில்லை, ஆடுவாரைப் பார்த்ததுண்டு. தோற்ற கணமே கூட்டாளியை ஏசத் தொடங்குவது நம்மவர் வழக்கம். எல்லாச் சீட்டும் மேசைமேல் திறந்து கிடக்கும்போது எவர்க்கும் ஞானம் பிறக்கும். மூடிக்கிடந்தபோது அவன் என்ன அறிந்திருந்தான், அறிந்ததைக்கொண்டு செய்யத்தக்கதைச் செய்தானா என்று கேட்பார் அரியர். வள்ளுவனார் தெரிந்து செயல்வகை என்று ஓரதிகாரம் வகுத்தார். அங்கே அவர் வேண்டுவது செயலுக்கு முன் ஆராயும் ஆராய்ச்சி.

இது சீட்டோடு நிற்கும் செய்தியன்று. 1995-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் நாள் இரவை யாழ்ப்பாணத்தார் மறவார். வலிகாமத்துச் சனங்கள் ஒருசேர எழுந்து, செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்குப் போனார்கள். போவதா, வீட்டிலேயே இருப்பதா? முதியோரைத் தூக்கிச் செல்வதா, விட்டுச் செல்வதா? தென்மராட்சியில் நிற்பதா, வன்னிக்குப் போவதா? சில நாழிகைக்குள் துணியவேண்டியிருந்தது. அறிந்ததோ சிறிது, மறைந்து கிடந்ததோ பெரிது. அந்தத் துணிவின் பயனாக உயிரையும் உறவையும் இழந்தோர் பலர். அந்தப் பக்கம் போகாமல் இந்தப் பக்கம் போயிருந்தால் பிள்ளை பிழைத்திருப்பான் என்று இன்றும் தம்மைத் தாமே நொந்துகொள்ளும் தாய்மார் எம்மூர்களில் இருக்கின்றனர். ஆண்டு பல கழிந்தும் அந்த வழக்கு அவர்கள் நெஞ்சில் முடியவில்லை.

அவர்கள் துயருக்குக் கணிதம் மருந்தாகாது. ஆனால் துயரம் வேறு, குற்றம் வேறு. திறந்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மூடிய சீட்டோடு ஆடியவரைக் குற்றவாளியாக்குதல் முறையன்று. அவர் நாமேயாயினும் முறையன்று. இவ்வளவைத் துணிந்து சொல்ல அந்தப் பிரெஞ்சுப் பேராசிரியரின் அட்டவணை எனக்கு உதவுகிறது.

போரெலும் அத்தகைய காலத்தைக் கண்டவரே. சீட்டாட்ட நூல் வெளிவந்த 1940-ஆம் ஆண்டிலேதான் பாரிஸ் நகரம் ஜெர்மானியர் கையில் வீழ்ந்தது. மறு ஆண்டு அவரைப் பிடித்துப் பிரென் சிறையில் அடைத்தனர். அப்போது அவருக்கு வயது எழுபது. சில வாரத்தின்பின் விடுதலையானார், உடல் நலிந்திருந்தது. எனினும் ஒதுங்கியிருந்தாரில்லை, விடுதலைப் போராட்டத்துக்குத் துணைநின்றார். அதற்கென 1945-இல் பதக்கமும் பெற்றார். நாடு பிறர் பிடியிலிருந்த 1943-இலேயே, நிகழ்தகவும் வாழ்வும் என்னும் பொருள்பற்றிப் பொதுமக்களும் படிக்கத்தக்க ஒரு சிறுநூல் எழுதி வெளியிட்டார். நாளை என்ன நிகழும் என்று எவரும் அறியாதிருந்த காலத்தில், அறியாமையை எவ்வாறு அளப்பது என்று அவர் தம் மக்களுக்குப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரான்சின் தேசிய அறிவியல் ஆய்வு மையம் பொற்பதக்கம் வழங்கத் தொடங்கியபோது முதலிற் பெற்றவர் அவரே. 1956-ஆம் ஆண்டு பெப்ரவரி 3-ஆம் நாள், எண்பத்தைந்தாம் வயதில், பாரிசிலே காலமானார். நிலவிலுள்ள பள்ளமொன்றுக்கு இன்று அவர் பெயர் வழங்குகிறது.

விடைத்தாள் திருத்துவார்க்கு ஒன்று தெரியும். விடை சரி, வழி பிழை என்று இருக்கும் தாள் உண்டு. வழி சரி, விடை பிழை என்று இருக்கும் தாளும் உண்டு. நல்ல கணித ஆசிரியர் வழிக்கும் புள்ளி இடுவார். உலகம் விடைக்கே புள்ளி இடுகிறது. கியூரி அம்மையாருக்குக் கதவு திறந்த அன்று போரெலின் விடை இன்னும் எழுதப்படவில்லை. வழி மாத்திரமே எழுதப்பட்டிருந்தது. அதற்கே முழுப்புள்ளி இடலாம் என்பது என் கருத்து.